ஓட்டையைத் தேடிய கதை

தணிக்கை என்றதும் சினிமா சென்சாரோ, பேங்க்குக்கு வருஷா வருஷம் வர்ற ஆடிட்டரோ ஞாபகத்துக்கு வந்தா நான் பொறுப்பில்லை. இது வீட்டுக்குச் செய்கிற தணிக்கை. ஒருத்தர் வருவார். வாசல் கதவைத் திறந்து அந்த இடத்தில் ஒரு பெரிய மின்விசிறியை மாட்டுவார். பரண், பேஸ்மெண்ட் எல்லாம் ஏறி இறங்குவார். வெப்பத்தைப் படம் பிடிக்கிற கேமராவால் சுவரைப் பார்ப்பார். இரண்டு மூணு மணி நேரம் கழிச்சு, உங்க வீட்டில் எங்கெங்கே காசு ஒழுகுதுன்னு ஒரு ரிப்போர்ட் தருவார். அமெரிக்காவில் இதுக்கு ஹோம் எனர்ஜி ஆடிட்னு பேர். இப்போ கொஞ்சம் மரியாதையா அசெஸ்மெண்ட் என்கிறார்கள்.

நான் படிச்சது மெக்கானிக்கல், பிழைப்பு மென்பொருள். அதனால வெப்பம் எப்படிப் போகும்ங்கிற பாடத்தை நாலாவது செமஸ்டர் பரீட்சையோட கங்கையில் விட்டாச்சு. அதைத் திரும்ப எடுக்க வெச்சது அக்கா வீட்டுக்கு வந்த ஒரு ரிப்போர்ட். அந்தக் கதையை நடுவில் சொல்றேன். இந்த ரிப்போர்ட்டுக்குப் பின்னாடி ஐம்பது வருஷ வரலாறு இருக்கு. அது தெரியாம படிச்சா அதில் இருக்கிற எல்லா எண்ணும் ஒரே மாதிரி உண்மைன்னு தோணும். அப்படி இல்லை என்பதுதான் இந்தப் பதிவு.

எண்ணெய் நின்ன வருஷம்

1973 அக்டோபரில் அரபு - இஸ்ரேல் போர். இஸ்ரேலுக்கு ஆயுதம் கொடுத்த அமெரிக்காவுக்கு அரபு நாடுகள் எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. பேரல் 3 டாலர் சுமாருக்கு விற்ற கச்சா எண்ணெய், 1974 ஜனவரியில் பதினொன்றரை டாலரைத் தாண்டியது. பெட்ரோல் பங்க்குகளில் தெருமுனை வரை வரிசை. நம்ம ஊர் ரேஷன் கடைக் கியூவை ஒரு முறை பார்த்திருந்தா அவங்களுக்குப் பழகியிருக்கும் :-)

அதுவரைக்கும் அங்கே வீடு கட்டினவங்க யாரும் எரிபொருளைப் பற்றிப் பெருசா கவலைப்பட்டதில்லை. குளிருதா, ஹீட்டரைப் பெருசா வை. அவ்வளவுதான். வீட்டுக்குள் போட்ட சூடு எந்த வழியா, எவ்வளவு வெளியே போகுதுன்னு ஒரு சாதாரண குடும்பம் குடியிருக்கிற வீட்டில் போய் அளந்து பார்த்தவர்கள் மிகக் குறைவு. பாடப்புத்தகத்தில் கணக்கு இருந்தது: சுவர் இவ்வளவு, கூரை இவ்வளவு, ஜன்னல் இவ்வளவு. அந்தக் கணக்கே போதும்னு இருந்துட்டாங்க.

பிரின்ஸ்டன் பக்கத்தில் ஒரு காலனி

அளந்து பார்க்கக் கிளம்பினவங்க நியூஜெர்சியில் இருந்தார்கள். எண்ணெய் நெருக்கடிக்கு ஒரு வருஷம் முன்னாடியே, 1972-இல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் சோக்கலோ என்ற இயற்பியலாளரும் அவர் கூட்டாளிகளும் ஒரு ஆராய்ச்சியைத் தொடங்கினார்கள். இடம், ஈஸ்ட் விண்ட்சர் ஊரில் புதுசா எழும்பிக்கொண்டிருந்த ட்வின் ரிவர்ஸ் என்ற குடியிருப்பு. டர்ன்பைக்கில் எட்டாம் நம்பர் எக்ஸிட். ராபின்ஸ்வில் அக்ஷர்தாம் கோயிலுக்குப் போற நம்ம ஜனம் பல பேர் இந்தக் காலனிக்குப் பக்கமாத்தான் போய்க்கிட்டிருக்கோம், தெரியாமலே.

எதுக்கு அந்த இடம்? அங்கே வரிசை வீடுகள், ஒரே அச்சில் வார்த்த இட்லி மாதிரி. ஒரே பிளான், ஒரே பில்டர், ஒரே மாதிரி கேஸ் ஹீட்டர். ஆராய்ச்சிக்கு இதைவிட வசதியா என்ன வேணும்?

முதல் அதிர்ச்சி: ஒரே மாதிரி வீடுகளில் கேஸ் செலவு ஒரே மாதிரி இல்லை. அதிகம் செலவழிச்ச வீட்டுக்கும் குறைவா செலவழிச்ச வீட்டுக்கும் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். சரி, வீட்டிலேயே ஏதோ குறை இருக்கும்னு நினைச்சா, ராபர்ட் சோண்டெரெகர் என்ற ஆராய்ச்சியாளர் 1978-இல் ஒரு அழகான வேலை செய்தார். குடிமாறின வீடுகளையும் குடிமாறாத வீடுகளையும் பிரிச்சுப் பார்த்தார். அதே குடும்பம் இருந்த இடத்தில் செலவு வருஷா வருஷம் ஏறக்குறைய அதே வரிசையில் இருந்தது. குடும்பம் மாறின இடத்தில் வரிசையே கலைஞ்சு போச்சு. ஆக, வித்தியாசத்தில் பெரும்பங்கு சுவரில் இல்லை, சுவருக்குள் வாழ்ற மனுஷங்ககிட்ட இருந்தது.

இரண்டாவது: உளவியல்காரர்கள் செலிக்மனும் டார்லியும் அதே காலனியில் 29 வீடுகளை எடுத்துக்கிட்டார்கள். அதில் ஒரு பாதிக்கு மட்டும், ஒரு கோடை மாதம் முழுக்க, வாரத்துக்கு நாலு தடவை, நீங்க எதிர்பார்த்ததைவிட எவ்வளவு கூட அல்லது குறைச்சலா மின்சாரம் செலவழிச்சீங்கன்னு சொன்னார்கள். வேற எதுவும் செய்யலை. அவங்க செலவு மத்தவங்களைவிட 10.5 சதவீதம் குறைஞ்சது. எண்ணை மட்டும் கண்ணில் காட்டியதுக்கே இது. 1977-இல் வெளியான கட்டுரை இது. இப்போ நம்ம போனில் வர்ற ஸ்மார்ட் மீட்டர் வரைபடத்துக்கெல்லாம் இதுதான் கொள்ளுத்தாத்தா.

மூணாவதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. பரணில், அதாவது அட்டிக்கில், கண்ணாடி நார்ப் போர்வை விரிச்சிருந்தும் அது கணக்குப்படி இருக்க வேண்டிய குளிரில் இல்லை, வெதுவெதுப்பா இருந்தது. வீட்டிலிருந்து அட்டிக்குக்குப் போகிற சூடு புத்தகக் கணக்கைப்போல் பல மடங்கு. தேடிப் பார்த்தா, ஹீட்டர் புகைக்குழாயைச் சுற்றி பேஸ்மெண்டிலிருந்து மேல் வரை ஒரு திறந்த சந்து. பக்கத்து வீட்டோட பொதுச்சுவர் ஓரத்திலும் இடைவெளி. சூடான காற்று மேலே ஏறும் இல்லையா, அது இந்தச் சந்துகளில் புகுந்து போர்வையைச் சுற்றிக்கொண்டு நேரா மேலே போயிருக்கு. ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு பைக்கில் போற மாதிரி. ஸ்வெட்டர் தடிமனா இருந்தாலும் காற்று உள்ளே பூந்துட்டா குளிர் குளிர்தான்.

எல்லாரும் ஜன்னலையும் கதவிடுக்கையும் பார்த்துக்கொண்டிருக்க, பெரிய ஓட்டை யார் கண்ணுக்கும் படாத இடத்தில் இருந்தது. இப்படிப்பட்ட வழிகளையும் அடைச்சு, வேற சில வேலைகளும் செஞ்சு, ஒரு வீட்டின் வெப்பத் தேவையை மூன்றில் இரண்டு பங்கு குறைச்சுக் காட்டினார்கள். அந்தக் கட்டுரையும் 1978-இல் வந்தது.

கதவில் மாட்டிய விசிறி

கண்ணுக்குத் தெரியாத ஓட்டையை எப்படி அளப்பது? சைக்கிள் ட்யூபுக்குப் பஞ்சர் பார்க்கிற அண்ணாச்சி என்ன பண்ணுவார்? காற்றடிச்சுத் தண்ணியில் முக்குவார். வீட்டை முக்க முடியாதே. 1977 வாக்கில் ஸ்வீடன்காரர்கள் ஜன்னலில் ஒரு விசிறியை மாட்டி வீட்டுக் காற்றை உறிஞ்சி, உள்ளே எவ்வளவு காற்று வந்து ஈடுகட்டுதுன்னு அளந்தார்கள். அந்த யோசனையை ஓக்கே ப்ளோம்ஸ்டர்பெர்க் என்பவர் 1979-இல் பிரின்ஸ்டனுக்கு எடுத்து வந்தார். அங்கே டேவிட் ஹார்ஜியோடு சேர்ந்து அதை வீடு வீடாக் கொண்டுபோனார்கள். விசிறி ஜன்னலிலிருந்து கதவுக்கு மாறி ப்ளோயர் டோர் ஆச்சு. கருவிப் பெட்டியோட வந்து, அளந்து, அன்னைக்கே முடிஞ்ச ஓட்டையை அடைச்சுட்டுப் போறவருக்கு ஹவுஸ் டாக்டர்னு பேர் வெச்சாங்க. டாக்டர்னா நாடி பிடிச்சுப் பார்த்துட்டுத்தானே மருந்து கொடுக்கணும்!

எண்களுக்கு வருவோம். விசிறி வீட்டுக்குள் காற்றழுத்தத்தை வெளியைவிட 50 பாஸ்கல் குறைக்கும். இது 5 மில்லிமீட்டர் தண்ணீர் உயரத்தின் அழுத்தம், அவ்வளவுதான். மணிக்கு 20 மைல் வேகக் காற்று நாலா பக்கமும் ஒரே நேரத்தில் அடிச்சா எப்படியோ அப்படி. அந்த நிலையை நிறுத்தி வைக்க விசிறி நிமிஷத்துக்கு எத்தனை கன அடி காற்றை வெளியே தள்ளுதோ, அத்தனையும் ஓட்டை வழியா உள்ளே வருது.

இப்போ அக்கா வீட்டுக் கதை. சென்ட்ரல் ஜெர்சியில் 1980-களில் கட்டின வரிசை வீடு, போன வருஷம்தான் வாங்கினாங்க. முதல் குளிர்காலத்து கேஸ் பில்லைப் பார்த்துட்டு மாமா (அக்கா வீட்டுக்காரர்) ஆடிட்டுக்கு ஆள் கூப்பிட்டார். இன்னொரு பக்கம் ஒரு ஜன்னல் கம்பெனிக்காரர் வந்து, எல்லா ஜன்னலையும் மாத்துங்க, பில் பாதியாகும்னு கடன் பத்திரத்தையே நீட்டிட்டார். வீட்டுக் கடனே கழுத்து வரைக்கும். ஆடிட் ரிப்போர்ட் வந்ததும் மாமா என்கிட்ட நீட்டி, "மாப்ளே, நீதான் இன்ஜினியராச்சே, இதுல எதை நம்பலாம் எதை நம்பக்கூடாதுன்னு சொல்லு, அப்புறம் கையெழுத்து போடறேன்" என்றார். இந்தக் கேள்விக்குத்தான் நான் ட்வின் ரிவர்ஸ் வரைக்கும் போக வேண்டியதாச்சு.

ரிப்போர்ட்டில்: 1,500 சதுர அடி, 8 அடி உயரம். அப்போ 12,000 கன அடி. விசிறி காட்டினது நிமிஷத்துக்கு 2,000 கன அடி. மணிக்கு 1,20,000. பன்னிரண்டாயிரத்தால் வகுத்தா 10. அதாவது அந்த அழுத்தத்தில் மணிக்குப் பத்து தடவை வீட்டுக் காற்று முழுசா மாறுது. சாதாரண நாளுக்கு இதை இருபதால் வகுக்கணும் என்பது பழைய ஆராய்ச்சிக்காரங்க தந்த தோராயக் கணக்கு. அரை வருது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, காசு போட்டுச் சூடாக்கின காற்று முழுக்க வெளியே, தெருக்காற்று உள்ளே!

இந்தப் பத்து எவ்வளவு பெரிசு? 2012-இல் வந்த சர்வதேச எரிசக்திக் கட்டட விதிகள் குளிர்ப் பகுதியில் புது வீட்டுக்கு 3 என்கின்றன. கனடாவில் ரெஜைனா நகரில் 1977-லேயே கட்டின சஸ்காட்செவான் கன்சர்வேஷன் ஹவுஸ் 0.8 வரை வந்தது. ஜெர்மனிக்காரர்களின் பாசிவ்ஹவுஸ் விதி 0.6. ஒரு விஷயம், வரிசை வீட்டில் இந்தப் பத்தில் கொஞ்சம் பக்கத்து வீட்டிலிருந்து வர்ற காற்றாவும் இருக்கும். அது ஏற்கனவே சூடான காற்று, முழு நஷ்டம் இல்லை.

சட்டம் வந்தது, ஜனம் வரலை

ஆராய்ச்சி இப்படிப் போக, அரசாங்கமும் சும்மா இல்லை. 1977 பிப்ரவரி 2-இல் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு டிவியில் வந்து, பகலில் 65 டிகிரி ஃபாரன்ஹீட், ராத்திரி 55 வெச்சுக்கோங்க என்று நாட்டுக்கே சொன்னார். 1978 நவம்பரில் ஒரு சட்டம் வந்தது. பெரிய மின்சார, கேஸ் கம்பெனிகள் தங்கள் வாடிக்கையாளர் வீட்டுக்கு ஆள் அனுப்பி ஆடிட் செய்து தரணும், அதுக்கு 15 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது. ஆராய்ச்சிக்கூடத்தில் பிறந்த தணிக்கை தெருவுக்கு வந்தது இப்படித்தான்.

வந்தும் என்ன? கூப்பிட்டவங்க கொஞ்சம் பேர். கூப்பிட்டு ரிப்போர்ட் வாங்கினவங்களிலும் பல பேர் அதைப் பத்திரமா பீரோவில் வெச்சுப் பூட்டிட்டாங்க. 1980-களின் கடைசியில் அந்தத் திட்டமே முடிஞ்சு போச்சு.

ஏன்? கலிஃபோர்னியாவில் எலியட் ஆரன்சன் என்ற சமூக உளவியலாளரும் சகாக்களும் ஆடிட்டர்கள் பின்னாடியே போய்ப் பார்த்தார்கள். ஆடிட்டர் பேசினது முழுக்க இன்ஜினியர் பாஷை. கதவடியில் இடுக்கு இருக்கு, அடைச்சா இத்தனை சதவீதம் மிச்சம். கேட்கிறவர் தலையாட்டிட்டு மறந்துடுவார். ஆரன்சன் குழு சில ஆடிட்டர்களுக்குப் பேசக் கற்றுக் கொடுத்தது: உங்க கதவிடுக்கையெல்லாம் ஒண்ணா சேர்த்தா, ஹால் சுவரில் ஒரு பந்து அளவு ஓட்டை. அப்படி ஒரு ஓட்டை இருந்தா அடைப்பீங்களா மாட்டீங்களா? அப்புறம், 'இவ்வளவு மிச்சமாகும்' என்பதைவிட 'இவ்வளவு மாசா மாசம் போய்க்கிட்டிருக்கு'ன்னு சொல்லச் சொன்னார்கள். 1988-இல் வந்த அவங்க கட்டுரைப்படி, இப்படிப் பேசினவங்க போன வீடுகளில் வேலை செய்ய முன்வந்தவங்களும் அதுக்கான கடன் திட்டத்துக்கு விண்ணப்பிச்சவங்களும் அதிகம். அளவு ஒண்ணுதான், சொன்ன விதம் வேற.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கு பாருங்க. ஜன்னல் விற்கிறவருக்கும் இந்தப் பாடம் நல்லாவே தெரியும்!

சொன்னதும் நடந்ததும்

எல்லாத்தையும்விட முக்கியமான கேள்வி: ரிப்போர்ட் சொல்ற மிச்சம் நிஜமா மிச்சமாகுதா?

1980-களின் நடுவில் ஓரிகான் மாநிலத்தில் ஹூட் ரிவர் என்ற இடத்தில், மின்சாரத்தில் சூடாக்கும் வீடுகளுக்கெல்லாம் ஏறக்குறைய இலவசமாவே வேலை செய்து கொடுத்தார்கள். ஊரே திரண்டு வந்தது. ஆனா கடைசியில் கிடைச்ச மிச்சம், ஆடிட் சொன்னதில் பாதிகூட இல்லை. ஏன்னா ஆடிட் கணக்கு ஒரு கற்பனைக் குடும்பத்துக்குப் போட்டது. நிஜக் குடும்பங்கள் விலை ஏறினதுமே ஹீட்டரைக் குறைச்சு, விறகடுப்பு மூட்டி, ஏற்கனவே சிக்கனமா இருந்தன. செலவே பண்ணாத காசை எப்படி மிச்சம் பிடிக்கிறது?

முப்பது வருஷம் கழிச்சும் கதை மாறலை. 1976-இல் தொடங்கின, ஏழை வீடுகளுக்கான அரசாங்கத் திட்டம் ஒண்ணு இன்னும் நடக்குது. மிச்சிகன் மாநிலத்தில் 30,000 குடும்பங்களை வெச்சு அதைச் சோதிச்ச ஃபௌலி, கிரீன்ஸ்டோன், வுல்ஃப்ரம் மூவரும் 2018-இல் வெளியிட்டது: கணிச்ச மிச்சம், கிடைச்ச மிச்சத்தைப் போல் மூணு மடங்குக்கு மேல். வேலை முடிஞ்சதும் ஜனங்க ஹீட்டரை ஏத்தி வெச்சுட்டாங்களான்னும் பார்த்தார்கள். அப்படிக் குறிப்பிடும்படி எதுவும் இல்லை. தப்பு மாடலில்.

நம்ம தொழில்ல இருக்கிறவங்களுக்கு இது புதுசு இல்லை. புரோக்ராம் எங்கே மெதுவா ஓடுதுன்னு அளக்காம ஊகிச்சுத் திருத்தினா என்ன ஆகும்னு நமக்குத் தெரியும். அளந்ததும் ஊகிச்சதும் ஒரே அட்டவணையில், ஒரே எழுத்தில் அச்சாகி வந்தா எது எதுன்னு தெரியாம போகும். அவ்வளவுதான் விஷயம்.

அப்போ ரிப்போர்ட்டை எப்படிப் படிக்கிறது?

மாமாவுக்கு நான் சொன்னது இதுதான்.

ஒண்ணு, அளந்த எண்களைத் தனியா எடு. விசிறிக் கணக்கு, கேமராப் படம், அட்டிக்கில் போர்வை எத்தனை அங்குலம், ஹீட்டர் புகையில் கார்பன் மோனாக்ஸைடு எவ்வளவு. இவை கருவி காட்டினவை. இதை நம்பு. கடைசியா சொன்னது உயிர் சமாச்சாரம். வீட்டை இறுக்கி அடைச்சப்புறம் புகை உள்ளேயே திரும்பக் கூடாது. அதனால வேலை முடிஞ்சதும் அதை மறுபடி சோதிக்கச் சொல்லு.

இரண்டு, கணக்குப் போட்ட எண்களை உன் பில்லோடு ஒப்பிடு. ரிப்போர்ட் என்ன சொல்லுது? இப்போ வருஷத்துக்குச் சூடாக்கும் செலவு 1,900 டாலர், எல்லா வேலையும் செஞ்சா 620 மிச்சம். அக்கா பன்னிரண்டு மாச பில்லை எடுத்துக் கூட்டினா, சூட்டுக்கு ஆனது 1,350-தான். இரண்டு பேரும் பகலில் ஆபீஸ், ராத்திரி ரஜாய். மாடல் நினைக்கிற குடும்பம் வேற, இந்தக் குடும்பம் வேற. 620-ஐ 1,350-ஆல் பெருக்கி 1,900-ஆல் வகுத்தா 440. மிச்சிகன் விகிதத்தை வெச்சு மூணால் வகுத்தா சுமார் 207. நிஜம் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கும்னு வெச்சுக்கிட்டு, 207-க்கே கட்டுப்படியாகிற வேலையை முதலில் செய்.

மூணு, எந்த வேலை முதல்? ட்வின் ரிவர்ஸில் சொன்னதுதான். முதலில் அட்டிக் சந்துகளை அடை, அப்புறம் அதுக்கு மேல் போர்வையைத் தடிமனாக்கு. அக்கா வீட்டுப் படத்திலும் புகைக்குழாய் ஓரம்தான் பளிச்னு எரிஞ்சுது. ஐம்பது வருஷம் ஆகியும் ஓட்டை அதே இடத்தில்! ஜன்னல் பத்திரம் கையெழுத்தில்லாம திரும்பிப் போச்சு.

நாலு, வேலை முடிஞ்சதும் விசிறியை மறுபடி மாட்டச் சொல்லு. 2,000 எவ்வளவா இறங்குதுன்னு அன்னைக்கே தெரிஞ்சுடும். அதைச் செய்ய மாட்டேங்கிற ஆளுக்கு வேலையைக் கொடுக்காதே.

இந்த ஊரில் அரசாங்க ஆதரவு வரும், போகும். கார்ட்டர் 1979-இல் வெள்ளை மாளிகைக் கூரையில் வெச்ச சூரிய வெப்பத் தகடுகளை 1986-இல் இறக்கிட்டாங்க. 2022 சட்டம் வீட்டு ஆடிட்டுக்கு 150 டாலர் வரை வரிச்சலுகை கொடுத்தது, 2025-இல் வந்த சட்டம் அதை அந்த டிசம்பரோட முடிச்சு வெச்சது. யார் ஆட்சியில் இருந்தாலும் சூடான காற்று மேலே ஏறும், சந்து கிடைச்சா வெளியே போகும். அதுக்குச் சலுகையும் தெரியாது, கட்சியும் தெரியாது.

குளிர் ஊர்களில் இருக்கிற நம்ம மக்கள் யாராவது ஆடிட் செஞ்சு, வேலை முடிச்சு, அடுத்த வருஷ பில்லையும் ஒப்பிட்டுப் பார்த்திருந்தா, ரிப்போர்ட் சொன்னது எவ்வளவு, கிடைச்சது எவ்வளவுன்னு இரண்டு எண்ணையும் பின்னூட்டத்தில் போடுங்க. மாடலைவிட நான் உங்க பில்லைத்தான் நம்புவேன்.